சும்மா போன ரங்கூன்

47 வயதுக்குள் ரங்கூனுக்கு இருபது தடவையாவது போயிருப்பேன். சாவுக்குப் போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறேன். தையல் கடைக்கு நூலும் ஜிப்பும் வாங்க ஓடிப்போய் அன்றிரவே பஸ் ஏறியதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் ரங்கூனைப் பார்க்க என்று போனதே இல்லை. என் ஊர் மோல்மேன், பர்மாவின் மோன் மாநிலத்தில்; அங்கே எங்கள் தெருவில் யாரும் அப்படிப் போனதில்லை. ஊர் பார்ப்பது வெள்ளைக்காரர்களும் ஜப்பான்காரர்களும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு செய்கிற காரியம். நமக்கு ரங்கூன் என்றால் ஒரு வேலை, ஒரு கைப்பை, கூட ஒரு ஆள்.

(யாங்கோன் என்று எழுதுவதுதான் இப்போதைய முறை என்று தெரியும். பர்மியரோடு பேசும்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். தமிழில் வாயைத் திறந்தால் ரங்கூன் என்றுதான் வருகிறது. அதை மாற்ற முடியாது.)

2019 ஜனவரியில் அந்த நாள் தானாக அமைந்தது. அப்பாவின் பழைய பதிவுத் தாள் ஒன்றில் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு. அதைத் திருத்த ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இரவெல்லாம் பஸ்ஸில் முந்நூறு கிலோமீட்டர் வந்து, குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால், கையெழுத்துப் போடுகிறவர் வெளியூர் போயிருக்கிறாராம். நாளை மறுநாள் வாருங்கள் என்றார்கள். ஊருக்குத் திரும்பிப் போய்விட்டு மறுபடி வருவதற்கு அவகாசம் இல்லை. நடுவில் ஒரு முழு நாள், யாருக்கும் எதற்கும் தேவைப்படாத நாள், கையில் வந்து விழுந்தது.

சின்னம்மா வீடு 51ஆம் தெருவில் மூன்றாவது மாடி. இரவு சாப்பிடும்போது சொன்னேன், நாளைக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று.

"ஏன்டி, ஒத்தையிலயா?"

"ஆமா சின்னம்மா."

"எந்த ஊரை?"

"இந்த ஊரைத்தான்."

"இதுல பார்க்க என்ன இருக்கு?"

அறுபது வருஷம் அங்கேயே இருப்பவர். கேள்வியில் கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அப்புறம் எதிர் வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அனுப்பட்டுமா, ஷ்வேடகோன் பகோடாவுக்கு மட்டும் டாக்ஸியில் போய் வந்துவிடேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஷ்வேடகோனுக்குத்தான் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கல்யாணத்துக்கு வந்தாலும் கருமாதிக்கு வந்தாலும் கடைசி நாள் குடும்பத்தோடு அங்கே போவது எங்கள் வழக்கம். அந்தப் படிக்கட்டு என் காலுக்குப் பாடம்.

காலையில் இறங்கும்போதே வேடிக்கை தொடங்கிவிட்டது. ரங்கூன் நடுநகரத்துத் தெருக்களில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு நைலான் கயிறு தெரு வரைக்கும் தொங்கும். நுனியில் காகிதம் செருகுகிற பெரிய இரும்புக் கிளிப், மேல் முனையில் ஒரு சின்ன மணி. லிஃப்ட் இல்லாத வீடுகள், ஏழு எட்டு மாடிகள், வேறு என்ன செய்வது? இருபது வருஷமாக அந்தக் கயிறுகளுக்கு நடுவே தலையைக் குனிந்து போயிருக்கிறேன். அன்றுதான் நின்று பார்த்தேன். தலையில் தட்டோடு ஒரு பெண் "பே பியோ…" என்று நீட்டிக் கூவிக்கொண்டு வந்தாள். வேகவைத்த முளைப் பட்டாணி, காலையில் சோற்றோடோ ரொட்டியோடோ சாப்பிடுவது. இரண்டாம் மாடியிலிருந்து கிளிப் இறங்கி வந்தது, அதில் நான்காக மடித்த ஒரு நோட்டு. அவள் நோட்டை உருவி, பொட்டலத்தையும் மீதிச் சில்லறையையும் கிளிப்பில் கவ்வ வைத்து, கயிற்றை இரண்டு தடவை வெட்டி இழுத்தாள். மேலே மணி. பொட்டலம் சுழன்றுகொண்டே ஏறியது. மேலே இருந்தவரின் முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தெரிந்ததெல்லாம் ஒரு முழங்கையும் வளையலும்.

இந்தத் தெருக்கள் இப்படி ஒல்லியாக, நேராக, எண் போட்டு நிற்பதற்கு 1852 சண்டைதான் காரணம். நகரத்தைப் பிடித்த கையோடு வெள்ளைக்காரர்கள் கட்டம் போட்டு மனை பிரித்தார்கள். மான்ட்காமரி என்ற டாக்டரும் ஃபிரேசர் என்ற ராணுவ எஞ்சினியரும் வரைந்த திட்டம், நடுவில் சூலே பகோடா. அந்த இருவர் பெயரிலும் பெரிய தெருக்கள் இருந்தன. ஃபிரேசர் தெரு இப்போது அனோரதா சாலை. மான்ட்காமரி தெரு போஜோ ஆங் சான் சாலை. டல்ஹௌசி தெரு மகா பண்டுலா சாலை. சின்னம்மாவின் மாமனார் தலைமுறைக்கு இந்தப் புதுப் பெயர்கள் கடைசிவரை நாக்கில் ஏறவில்லை.

போடதௌங் பகோடா பக்கத்திலேயே இருந்ததால் முதலில் அங்கே போனேன். 1943 நவம்பர் 8ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் தரைமட்டமாகி, பின்னால் உள்ளே நடக்கும்படி குடைவாகக் கட்டியது. மற்ற பகோடாக்களைச் சுற்றித்தான் வர முடியும், இதற்குள் நுழையலாம். உள்ளே சுவரெல்லாம் தங்கம், கண்ணாடிச் சில்லு, கோணல் கோணலான சந்துகள். வெளியே போபோஜி என்கிற நாட் தெய்வம் ஆள்காட்டி விரலை நீட்டி நிற்கிறார். அந்த விரலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒரு பையன் வெகுநேரம் நின்றான். பரீட்சையாக இருக்கும், அல்லது காதலாக இருக்கும். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. அந்தக் கையெழுத்தைக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதைக் கேட்டால் இதுவும் வேலையாகிவிடும் என்று வந்துவிட்டேன்.

அங்கிருந்து ஸ்ட்ராண்ட் சாலையில் மேற்காக நடை. 2003 முதல் ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. மோல்மேனில் காய் வாங்கக்கூட வண்டியில் போகிற எனக்கு, இரண்டு சக்கரமே இல்லாத அந்தச் சாலை பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கார்கள் மட்டும் நிறைய. 1970இல் ஒரே நாளில் இடப்பக்கம் ஓடிய நாட்டை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முந்திப் போக வேண்டுமானால் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. இப்படி ஒரு ஏற்பாட்டில் ஒரு நாடு ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறது என்றால், எங்கள் ஆட்களின் பொறுமையைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை.

ஸ்ட்ராண்ட் சாலையில் ஒரு விநோதம் உண்டு. ஆற்றை ஒட்டியே போகிறது, ஆறு கண்ணில் படாது. சுவர், கிடங்கு, கன்டெய்னர், மறுபடி சுவர். 1901இல் சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய ஸ்ட்ராண்ட் ஓட்டல் வெள்ளை வெளேரென்று சாலையைப் பார்த்து நிற்கிறது. அதன் வாசலில் நின்றாலும் கொஞ்சம் கிரேன்தான் தெரியும். இந்தச் சுவருக்குப் பின்னால்தான் எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, மதராஸ் கப்பலிலிருந்து இறங்கினார். 1927ஆம் வருஷம் மட்டும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் 4 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் இந்தியர். கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள். தமிழர்கள் நெல் மில்லுக்கும், வயலுக்கும், செட்டியார் கடைகளுக்கும் போனவர்கள். ஐயா மில்லுக்குப் போனார். தெலுங்கர் பட்ட பாட்டையும் சேர்த்து 'நாமதான் இந்தத் துறைமுகத்தையே தூக்கி நிறுத்தினோம்' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது கொஞ்சம் அதிகம். இருக்கட்டும்.

துறைமுக நகரத்தில் ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் எடுக்க வேண்டும். பன்சோடான் தெரு முடிகிற இடத்தில் படகுத்துறை, மறுகரை டலா. ஜப்பான் கொடுத்த படகுகள், 2014 முதல் ஓடுகின்றன, பெயர் செர்ரி. அப்போது எங்களுக்கு 100 கியாட். பத்து நிமிடப் பயணம். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஒரு நாளைச் செலவழிக்கலாம் என்பேன்.

படகு நிறைய ஆள். காடை முட்டை, ஆரஞ்சு, வெற்றிலை விற்பவர்கள் மடியிலும் காலிலும் இடித்துக்கொண்டு போனார்கள். என் கண் முதலில் துணிமேல்தான் போகும், தொழில் அப்படி. பெண்கள் கைலி போலக் கட்டும் தமெய்னில் இடுப்புப் பக்கம் ஒரு சாண் கறுப்புப் பருத்தித் துணி ஒட்டுப் போட்டிருக்கும். செருகினால் நழுவாமல் பிடிப்பதற்காக. அந்த ஒட்டை வைத்தே தைத்தவள் கையைச் சொல்லிவிடலாம். பக்கத்தில் நின்ற பெண்ணின் தமெய்னில் அலை அலையாக அச்செய் என்கிற வேலைப்பாடு, மெஷின் அச்சு. ஆனால் கறுப்பு ஒட்டு மட்டும் கையால் தைத்தது, பொடித் தையல், ஓர் இடத்தில்கூட இழுப்பு இல்லை. அம்மா தைத்ததா என்று கேட்டேன். பாட்டி என்றாள். பிறகு அவள் கேட்டாள்: "தயௌ தே லா?" தனியாகவா?

அன்று அந்தக் கேள்வி வந்தது ஒன்பது தடவை. எண்ணினேன்.

படகு கிளம்பியதும் கடற்காகங்கள் சூழ்ந்துகொண்டன. குளிர்காலத்தில் மட்டும் வருகிறவை. எண்ணெயில் பொரித்த அப்பளத் துண்டு மாதிரி ஒன்றைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், மனிதர் தின்பதற்கல்ல, தூக்கி எறிவதற்கு. நான் எறியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பறவையைப் பார்த்தேன். அது என் முகத்துக்கு இரண்டு முழத்தில், சிறகை அடிக்காமல், படகின் வேகத்துக்குச் சரியாக நின்றது. சிவந்த அலகு, நுனியில் மை தொட்டது போல் கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு. வெயிலில் இறகு வழியாக ஒளி தெரிந்தது, நல்ல மல் துணியை விளக்குக்கு முன் பிடித்தால் தெரிவது போல. அப்புறம் வீட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன்: இவை திபெத் பக்கத்து மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இறங்கி வருபவை. கோடியக்கரைக்கும் போகுமாம்.

திரும்பிப் பார்த்தால் நகரம். ஷ்வேடகோன் குன்றின்மேல் தனியாகத் தெரிந்தது. 99 மீட்டர் உயரம் என்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது தெரியாத ஒன்று ஆற்றிலிருந்து தெரிந்தது: அது ஊரின் நடுவில் இல்லை, ஊர்தான் அதற்கு ஒதுங்கிக் கீழே ஆற்றங்கரையில் கிடக்கிறது. ஐயா கப்பலிலிருந்து முதலில் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்கும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கப்பலில் தண்ணீர் சரியில்லை என்பதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டலாவில் இறங்கும் சரிவில் செருப்பு வார் அறுந்தது. இதெல்லாம் துணையோடு போகும்போது நடக்காது, தனியாகப் போனால்தான் நடக்கும். ஒரு காலில் செருப்போடும் இன்னொரு காலில் சூட்டோடும் தத்தித் தத்திப் போய், மரத்தடியில் ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடித்தேன். குத்தூசியை உள்ளே விட்டு, கொக்கியில் நூலை மாட்டி இழுத்து, ஒரு சுருக்கு. ஐந்தே தையல். நானும் தையல்காரிதான் என்றேன். ஊசியை நிமிர்த்திக் காட்டி, "இது உங்கள் ஊசிக்கு அப்பன்" என்றார். 500 கியாட் வாங்கிக்கொண்டார். தொழில் ஒன்று என்பதற்காகக் குறைக்கவில்லை, நானும் குறைக்கமாட்டேன்.

சைக்காவில் ஒரு சுற்றுப் போகலாம் என்று தோன்றியது. சைக்கிளுக்குப் பக்கவாட்டில் தொட்டி கட்டிய வண்டி. இரண்டு பேர் உட்காரலாம், ஒருவர் முன்னே பார்த்து, ஒருவர் பின்னே பார்த்து, முதுகோடு முதுகு ஒட்டி. ஓட்டுகிறவர் கேட்டார், எங்கே போக வேண்டும்? எங்கேயும் இல்லை. பகோடாவுக்கா? இல்லை. யார் வீட்டுக்காவது? இல்லை. அப்புறம்? நான் "அலகா" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "இலவசமாகவா?"

பர்மியத்தில் அலகா என்றால் காரணமில்லாமல், வெறுமே என்றும் பொருள், காசில்லாமல் என்றும் பொருள். நம் சும்மாவேதான். சும்மா வந்தேன் என்று நான் சொன்னதை, சும்மா கூட்டிப்போ என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு மொழியிலும் ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் எப்படிப் போய் உட்கார்ந்தன என்று வழியெல்லாம் யோசித்தேன். 2000 கியாட் என்று பேசி ஏறினேன். பின்பக்கத்து இருக்கை காலியாக வந்தது. அதை அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

டலாவில் பார்ப்பதற்கு என்று ஒன்றுமில்லை. மூங்கில் வீடுகள், குளம், கோழி, ரங்கூனில் தடைசெய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இங்கே. ஆனால் ஒரு காலத்தில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை இங்கேதான் இருந்தது. 1865இல் தொடங்கிய கம்பெனி. 1920களில் அவர்களிடம் 600க்கு மேல் படகுகளும் நீராவிக் கப்பல்களும் இருந்தன, வருஷத்துக்கு 90 லட்சம் பேரை ஏற்றி இறக்கினார்கள். 1942இல் ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று பெரும்பாலானவற்றைத் தாங்களே ஆற்றில் மூழ்கடித்தார்கள். அந்த வருஷம்தான் எங்கள் ஆட்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் நடந்தார்கள். ஐந்து லட்சம் பேர்வரை கிளம்பினார்கள் என்கிறார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்விட்டார்கள். ஐயா நடக்கவில்லை. பாட்டிக்கு அப்போது நிறைமாதம்.

படகில் திரும்பி, பன்சோடான் தெருவில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைக் கடந்து, டீக்கடையில் உட்கார்ந்தேன். தோஷே என்று பெயர் மாறியிருந்தாலும் தோசை தோசைதான். கடலைப் பருப்பைத் தூவி மொறுமொறுவென்று தருகிறார்கள். டீ எனக்கு ச்சோ சேய்ன், பால் தூக்கலாக, சர்க்கரை தூக்கலாக. மந்தலேக்காரனுக்குப் பேச்சு, ரங்கூன்காரனுக்குப் பகட்டு, மோல்மேன்காரனுக்குச் சாப்பாடு என்று பர்மியர்கள் சொல்வார்கள். அதற்குக் கட்டுப்பட்டு இரண்டு தோசை.

அப்புறம் ஓரிடத்தில், எந்த இடம் என்பது வேண்டாம், உள்ளூர்க்காரர் சும்மா நுழைய வெளிநாட்டவர் மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டிய இடம், மேசைக்குப் பின்னாலிருந்த பையன் என்னை நிறுத்தினான். ஆங்கிலத்தில் பாஸ்போர்ட் என்றான். புடவை, பொட்டு, கையில் குடை, தனியாக. அவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? குடும்பத்தோடு வரும்போது யாரும் என்னை நிறுத்தியதில்லை. பத்துப் பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு நுழைந்தால் அது உள்ளூர்க் கூட்டம். ஒருத்தி நின்று நிதானமாக மேலே பார்த்தால் வெளிநாடு.

"எந்த நாடு?"

"மோல்மேன்."

அவன் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அட்டைகளின் நிறமே ஒரு கதை. அப்பாவுடையது நீலம், இணைக் குடிமகன். அம்மா வழியால் என்னுடையது இளஞ்சிவப்பு, முழுக் குடிமகள். அந்த நிறம் வருவதற்கு அப்பா எத்தனை வாசல்களில் நின்றார் என்பது அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவன் அட்டையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. நான் பேசிய பேச்சில் மோன் பக்கத்து இழுவை இருந்திருக்க வேண்டும். "அட, நிஜமாவே மோல்மேன்தான்" என்று இன்னொருத்தியிடம் சொல்லி வழிவிட்டான். அட்டையைவிட நாக்கு நம்பகமாக இருந்திருக்கிறது. உள்ளே போனேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால், சரியாக நினைவில்லை. மனசு மேசையிலேயே நின்றுவிட்டது.

சூலேயில் கொஞ்சம் தெளிந்தது. எட்டுக் கோண பகோடா, உச்சிவரை எட்டுக் கோணம். பிறந்த கிழமைக்கு ஒரு மூலை என்பது கணக்கு. வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டு மூலை எதற்கு? பர்மியர் புதன்கிழமையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். காலை, தந்தமுள்ள யானை. நண்பகலுக்குப் பிறகு, தந்தமில்லாத யானை, ராகு. நான் புதன் மத்தியானம் பிறந்தவள். நம் பஞ்சாங்கத்திலும் புதன் ராகுகாலம் 12இலிருந்து ஒன்றரை. பிறந்த நேரத்தை வைத்து அப்பாயி எனக்குச் செய்த பரிகாரங்களை நினைத்துக்கொண்டு, தந்தமில்லாத யானைக்கு வழக்கமாக ஊற்றுவதைவிட இரண்டு கிண்ணம் கூடத் தண்ணீர் ஊற்றினேன்.

பிற்பகலில் பஸ் பிடித்து பகதூர் ஷா தர்காவுக்குப் போனேன். ஷ்வேடகோனுக்குப் பக்கத்திலேயே, அவ்வளவு தடவை வந்தும் போனதில்லை. பஸ்ஸில் நடத்துநர் கிடையாது, அப்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் 200 கியாட் போட வேண்டியிருந்தது, மீதி தரமாட்டார்கள். என்னிடம் ஆயிரம்தான் இருந்தது. பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, "டோடோ, தயௌ தே லா?" என்றது. டோடோ என்றால் அத்தை. ஆறாவது தடவை.

டில்லியின் கடைசி பாதுஷா 1858இல் இங்கே கொண்டுவரப்பட்டு, 1862 நவம்பர் 7ஆம் தேதி 87 வயதில் இறந்தார். அன்றே புதைத்து, அடையாளம் தெரியாதபடி புல் வளர விட்டார்கள். 1991இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோதுதான் உண்மையான கல்லறை அகப்பட்டது. ஆகவே மேலே ஒரு சமாதி, கீழே படியிறங்கினால் இன்னொன்று. போர்த்தியிருந்த பட்டுத் துணியின் ஜரிகை ஓரத்தில் ஒரு மூலை பிரிந்திருந்தது. ஊசி நூல் பையில் இருந்தது, கேட்கக் கூச்சமாக இருந்தது. 1943இல் நேதாஜி இங்கே வந்து மரியாதை செலுத்தியிருக்கிறார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் எங்கள் தோட்டத்து, மில்லுத் தமிழர்கள் நிறையப் பேர். பர்மாவின் கடைசி மன்னர் திபாவை 1885இல் இந்தியாவுக்குக் கடத்தியதையும் இதையும் சேர்த்துச் சொல்லாமல் யாரும் இந்த இடத்தை எழுதுவதில்லை. நானும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரை ரத்னகிரிக்கு முன்னால் சில மாதம் மதராஸில் வைத்திருந்தார்கள் என்பதைத் தமிழர்களே சொல்வதில்லை.

இருட்டும் நேரத்துக்கு அனோரதா சாலை காளியம்மன் கோயில். 1871இல் தமிழர்கள் கட்டியது. இங்கே வேண்டுதலோடுதான் வந்திருக்கிறேன் எப்போதும், அதனால் அம்மனைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இந்தத் தடவை தூணோரம் உட்கார்ந்து வந்தவர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் பர்மியர்கள். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பெண் தட்டு கொண்டுவந்தாள். நடுவில் காம்போடு முழுத் தேங்காய், சுற்றிலும் மூன்று சீப்பு வாழைப்பழம், மேலே இளந்தளிர். பின்னாலேயே ஒரு தமிழம்மா, அர்ச்சனைத் தட்டு. குருக்கள் தமிழம்மாவின் தேங்காயை ஒரே அடியில் இரண்டாக்கினார். பர்மியப் பெண்ணின் தேங்காயை உடைக்கவில்லை. அம்மனுக்குக் காட்டிவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவர்கள் முழுசாகத்தான் படைப்பார்கள், உடைந்தால் ஆகாது. நமக்கு உடையாவிட்டால் ஆகாது. குருக்கள் கை இரண்டையும் யோசிக்காமல் செய்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியிருக்கும்.

"எந்த ஊரும்மா?"

"மோல்மேன் ஐயா."

"அது சரி. பூர்வீகம்?"

"திருவாடானைப் பக்கம்." நான் திருவாடானையைப் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை.

அவருடைய அண்ணன் தம்பி எல்லோரும் 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிவிட்டார்கள். அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்தார்கள், கையில் இருந்ததும் போயிற்று. அடுத்த சில வருஷங்களில் 3 லட்சம் இந்தியர்கள் போனார்கள். ஒரு தம்பி சென்னையில் பர்மா பஜாரில் கடை வைத்தார். "அவன் அங்கே அத்தோ தின்னுக்கிட்டு இருந்தான், நான் இங்கே இட்லி தின்னுக்கிட்டு இருந்தேன்" என்றார். அத்தோ என்பது பர்மிய நூடுல்ஸ். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "மொகல் தெருவிலே எனக்கு ஒருத்தர் காசு தரவேண்டியிருந்தது. வாங்கிக்கிட்டுப் போலாம்னு இருந்தேன்." மொகல் தெரு என்று அதற்குப் பெயர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. காசு வந்ததா என்று கேட்டேன். சிரித்தார். பிறகு கேட்டார், "ஆமா, நீ யாரோட வந்திருக்கே?"

அதோடு ஒன்பது.

51ஆம் தெருவுக்கு வந்து சேரும்போது மணி எட்டு. கீழ்க்கதவு பூட்டியிருந்தது. சின்னம்மா வீட்டுக் கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை வெட்டி இழுத்தேன். மேலே மணி அடித்தது. பால்கனியில் தலை தெரிந்தது.

"வந்துட்டியா? யாரைப் பார்த்தே?"

"யாரையும் இல்ல."

"என்ன வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கிளிப் இறங்கி வந்தது. சாவி, அதோடு ஒரு ஆயிரம் கியாட் நோட்டு, ஒரு பாலிதீன் பை.

"வந்ததுதான் வந்தே, முனைக்கடையிலே அரை வீசை வெங்காயம் வாங்கிக்கிட்டு மேலே வா."

தமிழ்நாட்டில் வீசை போய்விட்டதாம். இங்கே இன்னும் எல்லாம் வீசைதான். முனைக்கடைக்குப் போய் நோட்டை நீட்டினேன். வெங்காயக்காரி என்னிடம் எதையும் கேட்கவில்லை. தராசில் அள்ளிப் போட்டாள், ஒன்றை எடுத்தாள், மறுபடி போட்டாள்.